சீட்டு எழுதும் கை

நர்ஸ் உங்களை டீச்சர் என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. அதனால் நானும் டீச்சர் என்றே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீங்க. இந்தப் பக்கம் உட்காருங்க. ஜன்னல் வெளிச்சம் நேரே என் முகத்தில் அடிக்கிறது, நீங்கள் உட்கார்ந்தால் கொஞ்சம் மறைக்கும். கண்ணை விரிய வைக்கிற மருந்து ஊற்றியிருக்கிறார்கள். ரெண்டு மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாத்தான் இருக்கும், பயப்படாதீங்க அங்கிள் என்றாள் அந்தப் பெண். நான் எதற்குப் பயப்படுகிறேன்? மருந்து ஊற்றாமலே ரெண்டு வருஷமாக இப்படித்தானே இருக்கிறது.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை டீச்சர். கம்பெனிதான் ஆஸ்பத்திரிக்குப் போ, போ என்று பிடித்துத் தள்ளியது. நான் ஜாகா, ராத்திரிக் காவல் வேலை பார்க்கிறேன், ஈப்போவுக்கு வெளியே ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில். இருட்டினால் போய் விடிந்தால் வருகிற வேலை. கேட்டுக்கு வருகிற லாரி நம்பரை நோட்டில் எழுத வேண்டும். மூன்று லாரி நம்பரைத் தப்பாக எழுதிவிட்டேனாம். லாரிக்காரன் நம்பர் பலகையைத் துடைக்காமல் சேற்றோடு வந்தால் அது சவரிமுத்துவின் தப்பா?

சவரிமுத்து என் பெயர். மருந்துக் கவுண்டரில் கூட்டம் குறைய இன்னும் நேரமாகும் போலிருக்கிறது. அதுவரை, தண்டாயுதம் என்று ஒருத்தனை நான் எப்படித் தலைகுனிய வைத்தேன் என்று சொல்கிறேன், கேளுங்க. கேட்க நன்றாக இருக்கும். எனக்குச் சொல்லச் சொல்ல நன்றாக இருக்கிறது.

குதிரைப் பந்தய விஷயம். நீங்கள் முகம் சுளிக்கிறது எனக்குத் தெரியவில்லை, ஆனால் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. சுளிச்சுக்கோங்க. கதை குதிரையைப் பற்றியது இல்லை, என் கையைப் பற்றியது.

ஞாயிற்றுக்கிழமை டர்ப் கிளப் ஹாலில் பெரிய பெரிய டிவி வைத்திருப்பார்கள். ஹாங்காங், ஆஸ்திரேலியா, பெரிய ரேஸ் நாளில் ஜப்பான், எல்லாம் அங்கே ஓடும், நாம் இங்கே பணம் கட்டலாம். நாங்கள் மூன்று பேர் ஒரு கூட்டு. நான், தண்டாயுதம், ஆ செங். தண்டாயுதம் மின்சார இலாகாவில் கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்தவன், இப்போது பென்ஷன். என் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். ஆ செங் சீனன், மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான். சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன், என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். எந்தக் குதிரை என்று மூன்று பேரும் சண்டை போடலாம். ஆனால் சீட்டை ஒரே கைதான் எழுத வேண்டும். மூன்று பேர் பணம், ஒரு கை. அந்தக் கைக்கு ராசி இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் டீச்சர், அது என் கை. இந்தக் கை. ஹாலில் வேறு கூட்டுக்காரன்கூட தன் சீட்டைக் கொண்டுவந்து, "சவரிண்ணே, சும்மா ஒரு தடவ தொட்டுக் குடுங்கண்ணே" என்பான். என் பெண்டாட்டி பிலோமினா, ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கையால் ஒரு தட்டுக் கழுவ விடமாட்டாள். "போங்க, சோப்பு பட்டா ராசி வழுக்கிடும்" என்பாள். கேலிதான். ஆனால் விடமாட்டாள்.

கை மட்டும் இல்லை, மூளையும் என்னுடையதுதான். ஹாங்காங் குதிரையைப் பற்றி ஹாலில் எல்லாருக்கும் தெரியும். எது காலை நொண்டுகிறது, எது போன வாரம் சரியாகத் தின்னவில்லை, எல்லாம் தன் பிள்ளையைப் போலச் சொல்வார்கள். ஆனால் வருஷக் கடைசியில் பெரிய ரேஸ் வரும். இரண்டாயிரத்து நானூறு மீட்டர், புல் தரை. அதற்கு ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் குதிரை வரும். அயர்லாந்து, இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி. ஹாலே முழிக்கும். யாருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும். ஏன்? நமக்கு ராத்திரி பத்து மணி என்றால் பாரீசில் சாயங்காலம் நாலு. ஊர் தூங்குகிறபோது அங்கே குதிரை ஓடும். நான் கேட் கூண்டில் உட்கார்ந்து போனில் பார்ப்பேன். மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும், இப்போதெல்லாம் போனின் வெளிச்சம் மட்டம். ஓட்டுகிறவனின் சட்டை நிறம் தெரிந்தால் போதும், மற்றதை வர்ணனைக்காரன் சொல்லிவிடுவான். எந்தக் குதிரைக்கு மழை நனைத்த தரை வேண்டும், எது காய்ந்த தரையில் பறக்கும், எது கடைசி வரை பின்னால் ஒளிந்திருந்து வரும். இங்கிலீஷ் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை டீச்சர். ஆறாம் வகுப்போடு சரி. வர்ணனைக்காரன்தான் என் வாத்தியார்.

சரி. தண்டாயுதத்துக்கு வருகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ நடுவில் அவன் நடத்தை மாறியது. நான் சீட்டு எழுதிக் கவுண்டரில் கொடுத்தால் டிக்கெட் வரும். டிக்கெட்டை அவன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான், ஜெயித்தால் அவன்தான் பணம் வாங்கி வருவான். அதுவும் வழக்கம். எங்கள் குதிரை ஜெயிக்கும். இவன் பணம் வாங்கப் போவான். போனவன் வர மாட்டான். அரை மணி நேரம். எங்கடா போனே என்றால், கழிப்பறை என்பான். ஒரு தடவை நானே பின்னால் போய்ப் பார்த்தேன். எங்கே நிற்கிறான் தெரியுமா? வெளியே ஏடிஎம் மெஷினுக்கு முன்னால்! ஜெயித்த பணம் வாங்கப் போனவனுக்கு ஏடிஎம்மில் என்ன வேலை? சொல்லுங்க. அப்படி நாலைந்து தடவை. நம் பங்கில் கை வைத்து, உடனே பேங்கில் போட்டுக்கொள்கிறான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் பங்கு குறையவே இல்லை, அதுதான் எனக்குப் பிடிபடாத சூட்சுமம். பெரிய கள்ளன்.

நீங்கள் ஏதோ சொல்ல வந்தீங்களே? ஒன்றும் இல்லையா. சரி.

பிறகு போன வருஷம் அக்டோபர். முதல் ஞாயிறு. பாரீசில் வருஷத்திலேயே பெரிய ரேஸ், நம்ம நேரத்துக்கு ராத்திரி பத்து. நான் வேலையில் இருந்தேன். போனில் குதிரைகள் கடைசி வளைவைத் திரும்புகின்றன. மேலே தண்டாயுதம் என்று பெயர் வருகிறது, அழைக்கிறான். ரேஸைப் பற்றிப் பீற்ற அழைக்கிறான் என்று நினைத்தேன். தள்ளிவிட்டேன். மறுபடி அழைக்கிறான். இன்னும் இருநூறு மீட்டர் இருக்கிறது. தள்ளிவிட்டேன். ரேஸ் முடிந்ததும் நானே கூப்பிட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். எடுத்தவன், "சவரி, பிலோமினாக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டேன், வா" என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதில் ஒரு நியாயம் கேட்கிறேன் டீச்சர். என்னைக் கேட்காமல் என் பெண்டாட்டியைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போக இவன் யார்? அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று இவனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. "ஒன்னும் சொல்லல சவரி, உன்னைத்தான் கேட்டுச்சு" என்றான். கேட்டதாம். அதை என்னிடம் சொல்லி என் நெஞ்சில் ஆணி அடிக்க வேண்டும் அவனுக்கு.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அடுத்த ஞாயிறு ஹாலுக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்ய? வழக்கம்போல உட்கார்ந்து, ரேஸ் புத்தகத்தைத் திறந்து, பென்சிலை எடுக்கிறேன். தண்டாயுதம் என் விரலிலிருந்து பென்சிலை உருவினான். மெதுவாகத்தான் உருவினான். ஆனால் உருவினான்.

"சவரி, நீ குதிரைய மட்டும் சொல்லு. நான் எழுதிக்கிறேன். உன் கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடு."

"ஏன்? என் கைக்கு என்ன?"

"ஒன்னும் இல்லய்யா. சும்மா."

பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். "பொண்டாட்டியையே காப்பாத்தாத கை, குதிரையவா காப்பாத்தப் போவுது" என்றான். தண்டாயுதம் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தான். பிடித்தான்தான். அதெல்லாம் நடிப்பு. பேசினது பின்வரிசைக்காரன், பேச வைத்தது யார்? பென்சிலைப் பிடுங்கினவன்தானே.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தக் கையை அவமானப்படுத்தினவனின் கையை, இதே ஹாலில், இதே நாற்காலியில், யாரும் சீண்டாத கையாக்க வேண்டும். அவன் கை எழுதினால் விளங்காது என்று ஆ செங் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பென்சில் என்னிடம் திரும்பி வர வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் எனக்கு.

வழி அவனே கொடுத்தான். நவம்பர் கடைசியில் டோக்கியோவில் பெரிய ரேஸ். ஐரோப்பாவிலிருந்து மூன்று குதிரை வந்திருந்தது. என்னிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "சவரி, இதுல எதுய்யா தேறும்?" என்கிறான். என்ன திமிர் பாருங்க. என் கண் வேண்டும், மூளை வேண்டும், கை மட்டும் வேண்டாம்.

"ஆல்டென்பர்க்" என்றேன். ஜெர்மன் குதிரை. "கண்ண மூடிக்கிட்டுப் போடு."

ஆல்டென்பர்க் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். சேற்றில் ஓடுகிற எருமை அது. மூன்று நாள் மழை பெய்து தரை கஞ்சியாக இருந்தால் யாரும் பிடிக்க முடியாது. டோக்கியோவில் அன்றைக்குத் தரை காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. தண்டாயுதம் எழுதினான். பதினெட்டுக் குதிரையில் பதினேழாவதாக வந்தது. பதினெட்டாவது வந்த குதிரைக்கு நடுவில் கால் பிசகிவிட்டதாம், இல்லாவிட்டால் அதுவும் முந்தியிருக்கும்.

ஆ செங் மேஜையைத் தட்டினான். "என்ன தண்டா, தொட்ட உடனே இப்படி வெளங்குது உன் கை?"

எனக்கு உள்ளுக்குள் சர்க்கரைப் பொங்கல். தண்டாயுதம் என்னைத் திட்டுவான், பொய் சொன்னாயா என்று கேட்பான், எதிர்பார்த்தேன். அவன் என் தோளைத் தட்டி, "பரவாயில்ல சவரி, விமானத்துல வந்த களைப்பு அதுக்கு, உன் மேல தப்பில்ல" என்றான். அப்போதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. என்னை மன்னிக்க இவன் யார்?

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு ஹாங்காங். எங்களுக்கு அதுதான் தீபாவளி. ஆ செங் பட்டறையில் ஒரு பெரிய மைலோ டின் இருக்கும், மூடியில் துளை போட்டு வைத்திருப்போம். வருஷம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் கையில் மிஞ்சின சில்லறை, நோட்டு எல்லாம் அதில் விழும். அந்த ஒரு நாள் மூடியைத் திறந்து, மொத்தத்தையும் ஒரே குதிரையின் மேல் ஒரே சீட்டாக வைப்போம். ஜெயித்தால் மூன்று வீட்டுக்கும் வருஷம் விடியும்.

அந்த வருஷம் எந்தக் குதிரை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லிட்டில் நோரா. அயர்லாந்துப் பெண் குதிரை. பச்சைச் சட்டை. இரண்டு வருஷமாக அதன் ஒவ்வொரு ஓட்டத்தையும் கூண்டில் உட்கார்ந்து பார்த்தவன் நான். கூட்டத்துக்குப் பின்னால் ஒன்றுமே தெரியாததுபோல வரும். தரை காய்ந்திருந்தால் கடைசி முந்நூறு மீட்டரில் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. பிலோமினாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். "உங்களுக்கு என்னைவிட அவதான் முக்கியமாப் போயிட்டா" என்பாள்.

தண்டாயுதம் கேட்டான். நான் செவாலியே என்று பிரான்சுக் குதிரையைச் சொன்னேன். அதுவும் மழைக் குதிரைதான். ஹாங்காங்கில் டிசம்பரில் எங்கே மழை? அவன் எழுதுவான், மைலோ டின் மண்ணாகும், அதோடு அவன் கதை முடியும். டின்னில் என் பணமும் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கட்டும். சிலதுக்குச் செலவு செய்யத்தான் வேண்டும்.

ஆனால் கடவுள் எனக்கு அதைவிட நல்லதாகக் காட்டினார். தண்டாயுதம் பென்சிலை எடுத்தான். ஆ செங் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"தண்டா, நீ எழுதாத. டோக்கியோல பாத்தாச்சு உன் கைய. வருஷப் பணம்டா இது. சவரியே எழுதட்டும்."

"வேணாம் செங்."

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம்! அவன் எழுத வேணாம்!"

அப்படிக் கத்தினான் டீச்சர். ஹாலே திரும்பியது. நான் எழுந்து நின்றேன். இருபத்திரண்டு வருஷ மானம்.

"ஏன்டா நான் எழுதக்கூடாது? இத்தனை பேர் இருக்காங்க. சொல்லு. பொண்டாட்டியத் தின்ன கைன்னு சொல்லப் போறியா? சொல்லுடா!"

அவன் பென்சிலை என் கையில் வைத்தான். வைத்துவிட்டு, "எழுது. ஆனா குடுக்கறதுக்கு முன்னால நான் ஒரு தடவ நம்பரப் பாத்துக்கிறேன், சவரி. ஒரே ஒரு தடவ" என்றான், பிச்சைக்காரன் மாதிரி.

பார்க்க விடுவேனா? பென்சில் கைக்கு வந்த அந்த நொடியில் நான் திட்டத்தை மாற்றிவிட்டேன். செவாலியே எதற்கு? நோராவையே எழுதுவேன். செவாலியே என்று அவனை நம்ப வைத்துவிட்டு, ஜெயித்த பிறகு எழுந்து நின்று சொல்வேன்: வாயால் சொன்னது பொய், கையால் எழுதினதுதான் நிஜம், இந்தக் கையை நம்புங்கடா என்று! அதனால் உள்ளங்கையால் மூடிக்கொண்டு எழுதினேன். ரேஸ் புத்தகத்தில் வருஷா வருஷம் எழுத்தைப் பொடியாக்கிக்கொண்டே போகிறார்கள், ஒரே கறுப்பாக எறும்பு ஊர்கிறதுபோல இருக்கும். பெயருக்கு ஒரு பக்கம் குதிரை நம்பர், இன்னொரு பக்கம் கேட் நம்பர், அதாவது எந்தக் கதவிலிருந்து ஓட்டத்தைத் தொடங்கும் என்பது. பழகின எனக்கு அதெல்லாம் ஒரு கஷ்டமா. எழுதினேன். நாலாக மடித்தேன்.

கவுண்டரில் நீண்ட வரிசை. ரேஸுக்கு மூன்று நிமிஷம்தான் இருந்தது. நான் இரண்டு ஆளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். தண்டாயுதம் உயரம், கையை நீட்டி என் சீட்டையும் பணத்தையும் வாங்கி உள்ளே நீட்டினான். கவுண்டரில் யோகேஸ்வரி என்ற பெண். டிக்கெட் வந்தது. மணி அடித்தது. எல்லாரும் திரைக்கு ஓடினோம். டிக்கெட் அவன் சட்டைப் பைக்குப் போய்விட்டது.

ஓட்டத்தை நான் என்னவென்று சொல்ல. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் வரை நோராவின் பெயரே வர்ணனையில் இல்லை. திருப்பத்தில் ஒரு தடவை சொன்னான். பிறகு இன்னொரு தடவை. பிறகு அவன் வாயில் நோரா, நோரா, நோரா தவிர வேறு சொல்லே இல்லை! திரையில் பச்சையாக ஒரு கோடு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அரை உடம்பு முன்னால் வந்து ஜெயித்தது.

நான் நாற்காலிமேல் ஏறிவிட்டேன், இந்த வயதில். "நான் எழுதினது செவாலியே இல்லடா! நோரா! நோராவ எழுதினேன்!" ஆ செங் என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். பின்வரிசைக்காரன் வந்து என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் டீச்சர் நான் உயிரோடு இருந்திருக்கிறேன்.

"தண்டா, டிக்கெட்ட எடு!" என்றான் ஆ செங்.

தண்டாயுதம் எடுத்தான். பார்த்தான். அப்படியே நின்றான். அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, தூரம். பிறகு சொன்னான்.

"செங். தப்பு நடந்துபோச்சு. சவரி சரியாத்தான் எழுதிருந்தான். கவுண்டர்ல நான்தான் அவசரத்துல வாயால வேற நம்பரச் சொல்லிட்டேன். ஒன்பதுன்னு சொல்லிட்டேன்."

கேட்டீங்களா! அவன் வாயாலேயே! நோராவின் நம்பர் ஐந்து. ஒன்பது என்பது அதன் கேட் நம்பர். குதிரை நம்பருக்கும் கேட் நம்பருக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தன், முப்பது வருஷ ரேஸ்காரனாம்! ஒன்பதாம் நம்பர் குதிரை ஏதோ உள்ளூர்க் கழுதை, பதினொன்றாவதாக வந்தது. கவுண்டருக்குள்ளிருந்து யோகேஸ்வரி, "இல்ல அங்கிள், நீங்க ஒன்னுமே சொல்லலியே, சீட்டுலயே..." என்று ஆரம்பித்தாள். "நீ சும்மா இரு யோகேஸ்" என்று அதட்டினான். அந்தப் பெண்ணையும் கைக்குள் போட்டு வைத்திருக்கிறான் பாருங்க.

ஆ செங் காலி டின்னைத் தூக்கி அவன் மேல் வீசினான். நெற்றியில் பட்டது. "உன் கை நாசமாப் போக! இனிமே எங்க சீட்டத் தொடாத! இந்தப் பக்கமே வராத!" என்றான். நான் என்ன கேட்க ஆசைப்பட்டேனோ அது ஒரு எழுத்துக் குறையாமல் அவன் வாயிலிருந்து வந்தது. தண்டாயுதம் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். போகிறபோது என் பக்கத்தில் நின்று, "சவரி, கண்ண ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டுய்யா" என்றான், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி. தோற்றுப்போனவன் பேச்சு. கண்ணைக் காட்டு என்றால் என்ன அர்த்தம்? நான் பொறாமையில் அவனைக் கண் வைத்துவிட்டேனாம். போடா என்றேன்.

அன்றிலிருந்து அவன் ஹாலுக்கு வரவில்லை. பத்து மாதம். பென்சில் என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் எழுதுகிறேன். ஜெயித்தோமா என்றா? அதை ஏன் கேட்கிறீங்க. குதிரை ஜெயிக்கிறது, டிக்கெட் ஜெயிக்க மாட்டேன் என்கிறது. அவன் விட்டுப்போன தரித்திரம் அந்த மேஜையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேறென்ன? யோகேஸ்வரி வேறு ஒவ்வொரு தடவையும், "அங்கிள், இந்த நம்பர்தானா, சரியாப் பாத்தீங்களா" என்று கேட்டு உயிரை எடுக்கிறாள். ஆ செங் ஜூனோடு நின்றுவிட்டான். பட்டறையில் வேலை அதிகமாம். இப்போது ஒரு ஆள் கூட்டு.

ஆனால் தண்டாயுதத்தை நான் விடவில்லை. பக்கத்து வீடு என்பது எவ்வளவு வசதி தெரியுமா. மத்தியானம் அவன் தூங்குகிற நேரம் பார்த்துச் சுவரில் ஆணி அடிப்பேன். அவன் பெண்டாட்டி இன்னும் மீன் குழம்பு வைத்தால் சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் நீட்டுவாள். வாங்கிச் சாப்பிடுவேன், குழம்பின் மேல் எனக்கு என்ன பகை? ஆனால் கிண்ணத்தைக் கழுவ மாட்டேன். அப்படியே திருப்பி வைப்பேன். அவன்தான் கழுவுகிறான், குழாய்ச் சத்தம் கேட்கும்.

இன்றைக்கு இங்கே டாக்டர் பார்த்தார். சின்ன வயதுப் பையன். லைட்டை அடித்து அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிப் போய்விட்டதாம். "ரெண்டு வருஷமா நம்பரெல்லாம் எப்படி அங்கிள் படிச்சீங்க?" என்றார். பழக்கம் என்றேன். வெளியே வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்தபோது எதற்கோ அந்த ஒன்பது ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் அந்த ஏடிஎம். சும்மா வந்தது. கண்ணில் தண்ணீர் வருவது மருந்தினால். எரிகிறது. உங்களுக்கும் ஊற்றுவார்கள், பாருங்க.

முதலில் வலது கண்ணை அறுக்க வேண்டுமாம். கூட வந்து, காத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், பெயர் சொல்லுங்க என்றாள் நர்ஸ். பிள்ளைகள்? இல்லை. தம்பி, தங்கை? இல்லை. யாராவது ஒருத்தர் பெயர் எழுதாமல் தேதி தர முடியாது அங்கிள் என்றாள். நான் யோசிக்கவே இல்லை. தண்டாயுதம் என்றேன். நம்பர் எனக்கு மனப்பாடம், பார்த்துப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க, தெரியுது. பழி வாங்கத்தான் டீச்சர்! வேறு எதற்கு? நர்ஸ் மூன்று தேதி கொடுத்தாள். இருபத்தெட்டு, முப்பது, அப்புறம் நவம்பர் முதல் செவ்வாய். நான் அந்தச் செவ்வாயைக் கேட்டு வாங்கினேன். அன்றைக்கு மெல்பர்ன் ரேஸ். ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாகக் காசு கொட்டிக் குதிரை அனுப்புகிற ரேஸ். நம்ம நேரத்துக்குப் பன்னிரண்டு மணிக்கு ஓடும். தண்டாயுதம் ஹாலுக்கு வராவிட்டாலும் அதை மட்டும் விடமாட்டான், முப்பது வருஷத்தில் ஒரு மெல்பர்ன் விட்டதில்லை. எனக்கு அறுவை பதினொன்றரைக்கு. உட்காரட்டும் இந்த பெஞ்சில். குதிரை ஓடுகிற நேரத்தில் என் செருப்பையும் சட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்காரட்டும். எனக்கும் பார்க்க முடியாதுதான், கண்ணைக் கட்டியிருப்பார்கள். பரவாயில்லை.

நர்ஸ் என் முன்னாலேயே அவனுக்குப் போன் போட்டாள், போனை மேஜைமேல் வைத்தாள், எனக்கும் கேட்டது. இன்ன ஆள், இன்ன தேதி, வர முடியுமா என்றாள். மெல்பர்ன் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். இல்லை என்று சொல்வான், சொன்னால் ஊர் பூராவும் சொல்லிச் சொல்லிக் காட்டலாம் என்று காத்திருந்தேன்.

"எத்தன மணிக்குக் கொண்டாரணும்?" என்றான். அவ்வளவுதான்.

வருவானா என்று கேட்கிறீங்களா? நல்லா கேட்டீங்க. அறுவைக்கு முன்னால் சோதனை இருக்கிறது, ஏழு மணிக்கே கிளம்பணும் என்று சொன்னால் ஆறரைக்கே காரை எடுத்து என் வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பான். நான் எழுந்து, குளித்து, சட்டை போட்டுத் தயாராகத்தான் இருப்பேன். ஆனால் கதவைத் திறக்க மாட்டேன் டீச்சர். கால் மணி நேரம் காத்துக் கிடக்கட்டும்.